விரலை எடுங்க

பெங்: ...இந்தப் படத்துல நடுவுல உக்காந்திருக்கிற அதிகாரி உங்க வீட்டுக்காரர்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எழுதிக்கிட்டுக் கிளம்பறேன்.

குவோ அம்மா: என்ன அவசரம் குமாஸ்தா? டீயைக் குடிங்க. படத்து மேலேருந்து அந்தக் கட்டைவிரலை எடுங்க, கறை படும்.

பெங்: இருக்கட்டும், இருக்கட்டும்... வெள்ளைக்காரன் பீரங்கிக் கப்பல் ஆத்து முகத்துல வந்து நின்னப்போ, கலங்காம எதிர்ல உக்காந்து பேசி இந்த ஊரைக் காப்பாத்தினவராச்சே! சக்கரவர்த்தி மயில் இறகு குடுக்கப் போறாரு. தொப்பியில செருகிக்கலாம். சும்மாவா?

குவோ அம்மா: அவருக்கா குடுக்கறாரு?

பெங்: பின்ன யாருக்கு? படத்தைப் பாத்த சில பேர்தான் முணுமுணுக்கறாங்க. அதுக்கு உங்க வாயால பதில் வேணும்.

குவோ அம்மா: என்னவாம்?

பெங்: முறைப்படி ரெண்டு காதும் தெரியற மாதிரி உக்காந்திருக்காரு. அந்தக் காதுல... பொம்பளைங்களுக்கு இருக்கற மாதிரி துளை இருக்காம்.

குவோ அம்மா: சின்ன வயசுல நோஞ்சானா இருந்திருப்பாரு. பொட்டப்புள்ளன்னு நினைச்சுப் பேய் விட்டுட்டுப் போகட்டும்னு குத்தியிருப்பாங்க.

பெங்: அடடா, அருமை! எழுதிக்கறேன். அடுத்தது, பதவிக்கு அடையாளமா நெஞ்சுல தைச்ச பறவை. புருஷன் அங்கியில ஒரு பக்கம் பாக்கும், சம்சாரம் அங்கியில எதிர்ப்பக்கம். ஜோடியா உக்காந்தா ஒண்ணையொண்ணு பாக்கணுமில்ல? இவரோடது சம்சாரம் பறவை மாதிரி...

குவோ அம்மா: வெள்ளைக்காரனோட படம் புடிக்கிற பெட்டி இடத்தை வலமாக்கிடுமாம்.

பெங்: அதான்! அப்படியே எழுதிடறேன்.

குவோ அம்மா: எழுதுவீங்களா? அப்ப பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர் பறவையும் ஏன் திரும்பல?

பெங்: ஐயோ... நானே சமாளிக்கப் பாக்கறேன், நீங்க ஏம்மா கெடுக்கறீங்க?

குவோ அம்மா: ஓ... தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க.

பெங்: நான் ஒண்ணும் சொல்லலியே!

குவோ அம்மா: நான் சொல்றேன். அது நான்தான். கப்பலைப் பாத்ததும் எங்க வீட்டுக்காரர் நல்ல அங்கியை மூட்டை கட்டிக்கிட்டு மலைக்கோயிலுக்கு ஓடிட்டாரு. பழைய அங்கி, பழைய தொப்பி கிடந்துச்சு. அதுல பறவை இல்ல, என்னுதைப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டேன். சின்ன வயசுலேயே இறுக்கிக் கட்டிக் குறுக்கின இந்தக் காலுக்கு பூட்ஸ்ல பஞ்சை அடைச்சுக்கிட்டுப் போய் உக்காந்தேன். ஊர்ல ஒரு குண்டு விழுந்துச்சா?

பெங்: மெதுவாம்மா! பொம்பளை அரசாங்க அங்கி போட்டான்னு எழுதினா தலை போயிடும்.

குவோ அம்மா: என் தலைதானே, எழுதுங்க. உயிருக்குப் பயந்து ஓடினவருக்கு இறகு, உக்காந்தவளுக்கு ஒண்ணுமில்லையா? நல்லா இருக்கு நியாயம்! சரி, இப்பவாச்சும் அந்த விரலை எடுங்க. வந்ததுலேருந்து ஒரு மூஞ்சியை மூடியே வச்சிருக்கீங்க.

பெங்: அது... அந்த முகம் தெளிவா விழலம்மா.

குவோ அம்மா: உங்க ஆளுநர் முகம் உங்களுக்கே தெரியலியா? அன்னிக்குக் கோணலா இருந்த என் தொப்பியை நிமித்தி வச்சது அவர் கை. வெள்ளைக்காரன் முன்னால என்னை "ஐயா, உக்காருங்க"ன்னு சொன்னது அவர் வாய். என் பேரை எழுதினா அவர் பேரையும் எழுதணும். ம், எழுதுங்க.

பெங்: அவர்தான் என்னை அனுப்பினாரும்மா. உங்ககிட்ட ஆமான்னு எழுதி வாங்கிக்கிட்டு... படத்தைக் கொளுத்திட்டு வரச் சொன்னாரு.

குவோ அம்மா: தாராளமா கொளுத்துங்க, அடுப்பு எரியுது. இது வெறும் நகல், இதுமாதிரி எத்தனை வேணா எடுக்கலாம்; படம் பதிஞ்ச கண்ணாடி வெள்ளைக்காரனோடயே கப்பலேறிப் போயாச்சு. படத்துக்குக் கீழ யார் யார் பேரைப் போடறதுன்னு கேட்டான். நடுவுல இருக்கிறது நான், பக்கத்துல உங்க ஆளுநர்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்.