கொதித்த வண்டிகளைக் குளிர்வித்த கோமான் ஜனகராஜ் அவர்களுக்கு

கப்பலூர் தென்கரை டீசல் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் குளிர்விப்புப் பிரிவைக் கட்டிக்காத்து, இன்று பணி நிறைவு பெறும் தலைமை மெக்கானிக், பழங்காநத்தம் திருமிகு ஜனகராஜ் அவர்களின் திருமுன், உடன் உழைத்தோர் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்.

கொதிக்கும் எந்திரங்களின் குலதெய்வமே! வற்றிய ரேடியேட்டர்களின் வான்மழையே! பட்டறைக்கு வாய்த்த பனிமலையே! வணக்கம்.

கூட்டத்தில் யாரும் சிரிக்க வேண்டாம். இந்த அடைமொழிகளை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். "பனிமலை கொஞ்சம் ஓவரா இருக்கே, மதுரையில ஏது பனிமலை?" என்று நம் முதலாளியம்மா ரோகிணி அவர்கள் கேட்டார்கள். "அண்ணன் கை வச்ச வண்டியோட பானட்டுக்குள்ள இருக்கும்மா" என்றேன். விட்டுவிட்டார்கள்.

எழுதி வாசிப்பவன் இரண்டாம் பிட் மெக்கானிக் கருத்தக்கண்ணன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் பக்கத்துப் பிட்டில், வண்டிக்கு அடியில் நிற்கும் அந்தக் குழியில், குப்பை கொட்டுகிறவன். வாழ்த்து மடல் என்றால் "தாங்கள்" என்றுதான் எழுத வேண்டுமாம். முயல்கிறேன். அடுத்த பத்தியில் அது "நீங்கள்" ஆகிவிடும். போகப்போக "அண்ணே" ஆகிவிடும். பொறுத்தருள்க.

எரிபொருளின் இயல்பறிந்த ஏந்தலே! ஒன்றரை டன் பாரம் ஏற்றி ஓடும் டீசல் பிக்கப் வண்டியில், எரிகிற எண்ணெயின் பலனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மிச்சமெல்லாம் வெறும் சூடு. பாதிச் சூடு புகையோடு போய்விடும். பாதிச் சூடு எந்திரத்தின் தலையிலேயே ஏறி உட்காரும். அதை இறக்கி வைக்க ஆளில்லை என்றால், தலை வளையும், கேஸ்கெட் கருகும், வண்டிக்காரர் குடும்பம் நடுரோட்டில் நிற்கும். அப்படி நிற்க இருந்த ஆயிரமாயிரம் குடும்பங்களை அலுங்காமல் வீடு சேர்த்த அருளாளர் அல்லவா நீங்கள்! (பார்த்தீர்களா, "நீங்கள்" வந்துவிட்டது.)

பெல்ட்டில் சுழலும் பம்பு பிடித்துத் தள்ள, பிஸ்டன் ஓடும் உருளைகளைச் சுற்றி உருண்டோடி, உச்சந்தலைச் சூட்டை உறிஞ்சியெடுத்து, மேல்குழாய் வழியே ரேடியேட்டர் ஏறி, மெல்லிய தகடுகளின் இடுக்கில் காற்று வாங்கி, கீழ்க்குழாய் வழியே குளிர்ந்து திரும்பும் அந்தக் கூலன்ட் நீரின் யாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டறிபவர் நீங்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று, உள்ளே அழுத்தம் காத்து நீரை நூறு டிகிரி தாண்டியும் கொதிக்கவிடாத காவல்காரன் என்று சொன்னவர் நீங்கள். முன்னால் சுழலும் விசிறிக்கும் மூளை உண்டு, காற்றில் சூடு கண்டால்தான் அது முழு மூச்சாய்ச் சுற்றும் என்று காட்டியவர் நீங்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வரும் டிரைவர்களிடம், "உன் வீட்டுப் பக்கெட்டுல படியுற உப்பு இதுக்குள்ள படியாதாப்பா?" என்று ஒரே கேள்வியில் திருத்தியவரும் நீங்களே. மடங்கிப்போன ரேடியேட்டர் தகடுகளை, உங்கள் துணைவியார் நாகமணி மதினியின் பழைய சீப்பால் வகிடெடுத்து நிமிர்த்தும் அழகைக் காண, நாங்கள் எங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறோம். மதினி இதோ முன்வரிசையில் இருக்கிறார். சீப்பு காணாமல் போன கதை இன்றுதான் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். போனில் நீங்கள் மதினியிடம் சௌராஷ்டிர மொழியில் பேசும்போது எங்களுக்கு ஓர் எழுத்தும் விளங்காது. நடுநடுவே "கருத்தக்கண்ணன்" என்று வரும்; பிறகு பெருமூச்சு வரும். அது மட்டும் விளங்கும்.

இத்தனை பெரிய ராஜ்ஜியத்துக்கும் ராஜா ஒரு சின்ன வால்வு. தெர்மோஸ்டாட் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் வயிற்றில் கொஞ்சம் மெழுகு. எந்திரம் குளிர்ந்திருக்கையில் அது ரேடியேட்டர் வாசலைச் சாத்தி வைத்து, நீரைக் குறுக்குவழியாகப் பம்புக்கே திருப்பி அனுப்பும். எந்திரம் சீக்கிரம் சூடேறும். எண்பது டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வாசலைத் திறக்கும். திறக்கிற அதே அசைவில், அடியில் உள்ள தட்டால் குறுக்குவழியை அடைத்தும் விடும். ஒரு கதவைத் திறக்க ஒரு கதவைச் சாத்தும் உத்தமன் அது.

அந்த உத்தமனைத்தான், அண்ணே, நான் கழற்றி எறிந்தேன்.

சபையோரே, இதுவரை வாசித்தது பாராட்டு. இனி வருவது வாக்குமூலம். அண்ணனின் பெருமையை முழுதாகச் சொல்ல வேண்டுமானால் என் சிறுமையைச் சொல்லாமல் முடியாது. வேறு வழியிருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

கீழக்குயில்குடி அன்னக்கொடி அம்மாளை எல்லோருக்கும் தெரியும். சொந்தமாக ஒரே ஒரு பிக்கப் வைத்து, தானே ஓட்டி, மதுரையில் அரிசிச் சிப்பம் ஏற்றிக் கொடைக்கானலில் இறக்குகிறவர். மாசி மாதம் அவர் வண்டி கொதிக்கிறது என்று என் பிட்டுக்கு வந்தது. பிரித்தேன். வால்வு இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. புதுசு அன்றைக்கு ஸ்டாக்கில் இல்லை. அந்தம்மாவுக்கு மறுநாள் லோடு. நம் ஊர்ப் பட்டறைகளில் பரம்பரையாக ஒரு ஞானம் உண்டல்லவா: "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குப்பா, கழட்டி எறி, தண்ணி ஃப்ரீயா ஓடட்டும்!" அந்த ஞானம் எனக்கு உதித்தது. உள்ளே வால்வு இல்லாமல் வெறும் கூட்டை மாட்டி மூடினேன். திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வேலை அட்டையில் "தெர்மோஸ்டாட் புதிது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். புது வால்வு நாலாம் நாளே வந்துவிட்டது. ஸ்பேர் அறையில் அது நாலு மாதம் எனக்காகக் காத்துக் கிடந்தது.

சமவெளியில் வால்வு இல்லாத வண்டி சமாளித்துவிடும். பாரத்தோடு மலையேறும்போதுதான் வினை. குறுக்குவழியை அடைக்க ஆளில்லாததால், சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைக் கண்ணாலும் பாராமல் பம்புக்கே திரும்பி, மறுபடி எந்திரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. வண்டி கொதிக்காமல் என்ன செய்யும்?

நாலு முறை அந்த வண்டி திரும்பி வந்தது. நாலு முறையும் குளிர்விப்புக் கோளாறு என்று உங்களிடம்தான் வந்தது. முதல் முறை ரேடியேட்டரை இறக்கிக் கழுவிச் சீப்புப் போட்டீர்கள். இரண்டாம் முறை மூடியும் குழாய்களும். மூன்றாம் முறை விசிறியின் கப்ளிங். நாலாம் முறை பம்பு. அத்தனையும் பழுதில்லாத உறுப்புகள். வால்வை மட்டும் நீங்கள் திறந்து பார்க்கவில்லை. ஏனென்றால் அட்டையில் என் கையெழுத்து இருந்தது. "கூட வேலை பாக்குறவன் கையெழுத்த நம்பாம பட்டறை நடத்த முடியாது" என்பது உங்கள் கொள்கை. பக்கத்துப் பிட்டில் நான் தலையைக் குனிந்துகொண்டு, நன்றாக இருக்கிற நட்டுகளையெல்லாம் மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தேன். வாய் வரை வரும், திறக்காது. இறுகிப்போன வால்வு எப்படியிருக்கும் என்று அந்த நாலு மாதமும் என் வாயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் உங்களுக்கு விழா எடுப்பது பற்றி முதலாளியம்மா பேச்செடுத்தபோது, நீங்கள் சொன்னது இங்குள்ள எல்லோர் காதிலும் விழுந்தது. "அன்னக்கொடியம்மா வண்டி கொதிக்காம ஒருக்கா மலையேறணும். ஏறலைன்னா எனக்கு மாலை கீலை ஒண்ணும் வேண்டாம். அது சரியாகுற வரைக்கும் டூட்டிக்கு வாரேன், சம்பளம் வேண்டாம்." நேற்று முன்தினம் வியாழக்கிழமை மாலை, ஐந்தாம் முறையாக, அந்தம்மா வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சனிக்கெழமை ஒரு லோடு ஏத்துறேண்ணே. அதுலயும் கொதிச்சா மலையிலயே ஒருத்தர் வண்டிய வாங்கிக்கிறேன்னு நிக்கிறாரு. குடுத்துட்டு பஸ்ல எறங்கிருவேன். எம்புட்டுத்தான் தாங்குறது?" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "அதிசயம் என்னன்னா, காலையில வத்தலக்குண்டு தாண்டுற வரைக்கும் சூடு காட்டுற முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏத்தம் வந்தா மட்டும் சிவப்பத் தொடுது."

வாசலைச் சாத்த வால்வு இருந்தால் முள் அதற்கு வெகு முன்பே எழுந்திருக்கும்; அந்த ஒரு வரியில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "கண்ணா, இந்த மேல்குழாயக் கொஞ்சம் புடிச்சுக்க." பிடித்தேன். வால்வு இருந்தால், எந்திரம் நன்றாகச் சூடேறும் வரை அந்தக் குழாய் குளிர்ந்தே கிடக்க வேண்டும். என் கைக்குள் அது உடனே வெதுவெதுக்கத் தொடங்கியது. நீங்கள் குழாயைப் பார்க்கவில்லை. அட்டையையும் பார்க்கவில்லை. வால்வுக் கூட்டைத் திறக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டீர்கள்.

டீக்கடை எதிர்த்தாற்போல் இருக்கிறது. போய்வர ஐந்து நிமிடம். அன்றைக்கு நீங்கள் நாற்பது நிமிடம் டீ குடித்தீர்கள்.

திரும்பி வந்தபோது கூடு திறந்து கிடந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னப்பா, வால்வு எங்க?"

"வைக்கலண்ணே."

"எத்தன நாளா?"

"மாசியில இருந்துண்ணே."

"அப்ப இப்ப வச்சிரு."

அவ்வளவுதான். அன்னக்கொடியம்மாவிடம், "வால்வு கோளாறும்மா, மாத்தியாச்சு" என்றீர்கள். முதலாளியம்மாவிடமும் அதையேதான். நாலு மாதம் உங்கள் பெயரில் நின்ற பழியை என் பெயருக்கு மாற்ற, நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நேற்று வரை இது நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இன்று நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளியம்மா என்னைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரிகிறது. அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் அம்மா, இன்று அண்ணன் நாள்!

வெப்பம் வென்ற வேந்தே! இந்த மடலின் மேற்பகுதியை நேற்றே எழுதி முடித்தேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர், "என்னண்ணே இம்புட்டு வெத்தா கிடக்கு?" என்றார். "ஒரு வண்டி மலையேறணும்" என்றேன். இன்று காலை அறுபது சிப்பம் அரிசியோடு அது கிளம்பிப் போனதிலிருந்து இந்தப் பட்டறையில் யார் வேலை பார்த்தார்கள்? எல்லோரும் போனைப் பார்த்தோம். வாங்கி வைத்த மாலையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்தோம். நீங்கள் மட்டும் அமைதியாக யாருடைய ரேடியேட்டருக்கோ சீப்புப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பகல் இரண்டு பத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். அந்தக் குரலை அப்படியே இங்கே பொறித்திருக்கிறேன்:

"ஜனகராஜண்ணே! கொடைக்கானல் வந்து சேந்துட்டேன்! முள்ளு நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுண்ணே! சில்வர் கேஸ்கேட்ல நிப்பாட்டி அருவித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துவேன்ல? இன்னைக்கு அருவிக்குக் கையக் காட்டிட்டு நிக்காம வந்துட்டேன்! வண்டிய வாங்க வந்த ஆளு நிக்கிறாரு. வண்டி விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க மொதல்ல மாலையப் போடுங்க!"

அப்போது எழுந்த விசில் சத்தம் கப்பலூர் டோல்கேட் வரை கேட்டிருக்கும். நீங்கள் சீப்பைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். கண்ணையும் துடைத்தீர்கள், கிரீஸ் பட்டுவிட்டது என்றீர்கள். உங்கள் கையில் கிரீஸ் இல்லை அண்ணே.

பிறகு ஸ்பீக்கரை அணைத்துத் தனியே எடுத்துப்போய், அதே போனில் அந்தம்மாவிடம் நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "கண்ணண்ணே, நீங்கதானா அது? இருங்க. திங்கக்கெழமை அடுத்த லோடு. அறுபது சிப்பத்தையும் நீங்கதான் ஏத்துறீங்க" என்றார். சம்மதித்திருக்கிறேன். என் இடுப்புக்காகவும் இந்தச் சபை பிரார்த்திக்க வேண்டும்.

குளிர்வித்த கைகளே, வாழ்க! எந்தச் சூட்டிலும் கொதிக்காத நெஞ்சே, வாழ்க! நாகமணி மதினியோடும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடும், முள் எப்போதும் நடுவில் நிற்க, மூச்சு எப்போதும் சீராக ஓட, நூறாண்டு தாண்டியும் நோயின்றி நடமாடுக! மதினிக்குப் புதுச் சீப்பு ஒன்று எங்கள் எல்லோர் சார்பிலும் இந்தத் தாம்பாளத்தில் இருக்கிறது. அதையாவது வீட்டிலேயே விட்டு வையுங்கள்.

மடலின் அடியில் ஒட்டியிருப்பது என் டிராயரில் மறைந்து கிடந்த அந்தப் பழைய, இறுகிப்போன வால்வு. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கட்டும்.

இப்படிக்கு,
தென்கரை டீசல் பணிமனைப் பணியாளர்கள் அனைவரும்.

முதல் கையெழுத்து: கருத்தக்கண்ணன்.
(அண்ணே, இதை நம்பலாம். வால்வை மாட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.)