என் பேர்ல எழுதின நடை

…நடக்காம வந்த வெனையாம்! இப்ப அந்த நர்சம்மா சொல்லிட்டுப் போனதக் கேட்டீங்கள்ல தம்பி? நடக்காமலாம்! நீங்க லிந்துலைதானே, கிட்டத்தான், வட்டகொடையில வந்து விசாரிங்க. எங்க தேயிலைத் தோட்டத்து டிவிசன்லயே ஆகக் கூட நடந்த ஆளு யாருன்னா, இந்தக் கந்தப்பன். பதினாறாயிரம் காலடி! ஒரு நாளைக்கு! நான் சொல்லலைங்க, போன் சொல்லுது.

எந்தப் போனா? அட, அந்தக் கொடுமையத்தான் சொல்ல வர்றேன். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, காலுல இடிச்சிராதீங்க... ஆங். போன வருசம், ரெண்டாயிரத்தி எட்டுல, கொழும்புலருந்து ஒரு மிஸ் வந்துச்சு. கஜனின்னு பேரு, யாழ்ப்பாணத்துப் புள்ள, பெரிய படிப்பு. என்னையும் சேத்து, சீனி வருத்தக்காரங்க, அதான் சர்க்கரை வியாதிக்காரங்க, இருவது பேருக்கு ஆளுக்கொரு போனக் குடுத்துச்சு. ஆராய்ச்சியாம். அதுக்குள்ள ஒரு அப்ளிகேசன் இருக்காம். அப்ளிகேசன்னா வேலைக்கு எழுதிப் போடுறதுன்னுதானே நமக்குத் தெரியும்? இது இடுப்புல கெடந்துக்கிட்டே நாம வைக்கிற காலடிய எண்ணுமாம். பொழுது சாஞ்சா கேள்வி வேற. மிஸ் கொரல்லயே கேக்கும். ‘ஐயா, இண்டைக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சனீங்களோ?’ பொண்டாட்டி கூட என்னைய அப்படிக் கேட்டதில்லைங்க! இல்லன்னா ரெண்டை அமுக்கணும். நான் ரெண்டைத்தான் அமுக்குவேன். ஒரு மெசின்கிட்ட எல்லாத்தையுமா சொல்லிக்கிட்டிருப்பாங்க?

அதோட விட்டுச்சா? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கைப்புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளக்காம்பரா செவத்துல யாரு எத்தன காலடின்னு பேரு போட்டு ஒட்டிரும். மொத வாரம் போய்ப் பாக்குறேன்... ஆக மேல பழனியாண்டி! கீழ, கடைசிக்கு மொத ஆளு, நானு!

பழனியாண்டியத் தெரியாதா? நல்லதாப் போச்சு. தொண்ணுத்தாறுல, மாரியம்மன் திருவிழாவுல, எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தத் தன் தலையில கட்டிக்கிட்ட பய. அன்னைக்கிருந்து அவன் மூஞ்சிய நான் பாக்குறதில்ல. அவன் பேருக்குக் கீழ எம்பேரா?

என்ன செஞ்சேனா? தோட்டத்துல காலங்காலமா செய்யிறதத்தான் செஞ்சேன். ஒரு பொம்பளைக்குக் கிலோ கொறைஞ்சா, அக்காகாரி மகக்காரி கூடையிலருந்து ரெண்டு கை அள்ளிப் போட்டு நிறுப்பாங்க. கொழுந்த யாரு பறிச்சா என்ன, பேரு விழுந்தாச் சரி. கங்காணியே கண்டுக்க மாட்டாரு. அப்ப நடை மட்டும் என்ன ஒசத்தி? வீட்டுல ஒரு ஆளு நடந்தாப் போதாதா? போன எடுத்து வேலாயி... நம்ம வீட்டுக்காரிங்க... இடுப்புல கட்டுற படங்குச் சாக்குக்குள்ள முடிஞ்சு விட்டுட்டேன். அவ கொழுந்து பறிக்கிறவ. மலையேற, எறங்க, நிறுவைக்கு வர, திரும்ப ஏற... எண்ணட்டுமே!

நானா? நான் லயத்து வீட்டு வரிசைக் கோடியில சீட்டுக் கடதாசி வெளையாண்டுக்கிட்டிருந்தேன். பொய் சொல்லலைங்க.

அடுத்த ஞாயிறு... கந்தப்பன் மேல! பழனியாண்டி மூஞ்சியப் பாக்கணுமே, வேப்பெண்ண குடிச்ச மாதிரி! ஆமா, அன்னைக்கு மட்டும் பாத்தேன். மிஸ் எனக்குச் சால்வை போட்டு போட்டோ புடிச்சுச்சு. ‘ஐயாவப் பாத்து எல்லாரும் பழக வேணும்’னுச்சு. கண்டியில பெரிய கூட்டத்துல எம்படத்தக் காட்டி இங்கிலீசுல பேசிச்சாம். நடந்தவளுக்கு ஒரு பிளேன்டீ கெடையாது. அவளுக்குத்தான் சீனி வருத்தமே இல்லையே, ஆராய்ச்சிக்கு ஒதவ மாட்டா!

டாக்டரும் பாத்தாரு. இம்புட்டு நடக்குற மனுசனுக்கு எதுக்குன்னு ரெண்டு குளுசை மாத்திரைய ஒண்ணாக்கி, ஒண்ண அரையாக்கிட்டாரு. இப்பப் பாருங்க இந்தக் கால. செருப்புக் கடிச்ச சின்னப் புண்ணுதான்... வெரலு கறுத்துப் போச்சு. அந்தப் பழனியாண்டி? சீனி எறங்கி, விறுவிறுன்னு எங்க லயத்துப் பக்கமா நடந்து போறான். எனக்குக் காட்டுறதுக்குன்னே நடக்குறான் தம்பி!

மூத்திரம் சோதிக்கலையாவா? சோதிக்காம விடுவாங்களா? மாசாமாசம் போத்தல்ல குடுத்தோம்ல. எம்பேரு எழுதி ஒட்டியிருக்கும்... ம்... அதையும்... வேலாயிதான் காலையில... எல்லாம் நம்ம வீட்டு மூத்திரந்தானுங்களே! என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?

எனக்குச் சிரிப்பு வரலைங்க. ரத்தஞ் சோதிக்கிற மெசினு பழுதாம், இன்னைக்கு மூத்திரத்துல சீனி எறங்கியிருந்தா மருந்து கட்டிப் பாக்கலாம், இல்லாட்டி வெரல எடுத்துருவோம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. விடிய, இங்க வரப் பொறப்படுறப்ப, வேலாயிகிட்டப் போத்தல நீட்டினேன். ‘ஒங்க காலு, ஒங்க மூத்திரம். எனக்குப் பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு’ன்னுட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

தம்பி... ஒங்களுக்குக் கை முறிவு மட்டுந்தானே? சீனி கீனி ஒண்ணும் இல்லையே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இந்தாங்க, சின்னப் போத்தல்தான். பேரெல்லாம் எழுதியாச்சு, நீங்க ஒண்ணும் எழுத வேணாம்... அட, எந்திரிச்சிட்டீங்களா, நல்லாயிருப்பீங்க... தம்பி, கக்கூசு இந்தப் பக்கங்க! தம்பி... அது வெளிய போற வாசலு... தம்பி!