ஆறரை மணிப் பால்

— கதவைத் திற இன்ஸ்பெக்டரம்மா. உள்ள ரெண்டு பேர் அழற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு உன் பையன். இன்னொண்ணு யாரு?

— நான் அழல. தும்மினேன்.

— இவ்ளோ நீளமா எவளும் தும்ம மாட்டா. திற.

— திறந்துதான் இருக்கு, தள்ளு. மெதுவா அக்கா! இப்பத்தான் கண்ணை மூடினான்... போச்சு. முழிச்சுட்டான்.

— கோவம் வந்தாத்தான் உன் வாயில அக்கா வருது. வயசுல உன்னைவிட ரெண்டு வருஷம் சின்னவ நான்.

— மூத்தவரைக் கட்டினது நீதானே. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— முறையெல்லாம் அப்புறம் பேசுவோம். தா அவனை. மாடியிலேர்ந்து நாலு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லி வச்ச மாதிரி ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறான். ஷிப்டுக்கு வர்றவன்கூட இவ்ளோ சரியா வர மாட்டான்.

— ஆறு பத்துக்கு. நேத்து ஆறு அஞ்சு. ஒன்பது மணி வரைக்கும் விடறதில்ல. வாய் வச்சு ரெண்டு நிமிஷம் குடிப்பான், பிடுங்கிக்குவான், முதுகை வில்லா வளைச்சுக் கத்துவான். திரும்ப வாய் வைப்பான். எல்லாம் எழுதி வச்சிருக்கேன், அந்த நோட்டுல பாரு.

— நோட்டு வேற போட்டிருக்கியா? எங்க... காலை ஆறு, தொண்ணூறு. பத்து மணி, எழுபது. சாயங்காலம் ஆறரை, இருபது. அடியில சிவப்புல கோடு. இதென்னடி இது?

— பம்ப் வச்சு எடுத்து அளந்தது. மில்லி.

— அடப் போ. பாலா மருந்தா?

— என் பொழப்பே அதுதானே அக்கா. பத்து வருஷமா மருந்து சிரப் கம்பெனியில பாட்டில் பாக்கற இன்ஸ்பெக்டரா பெல்ட் முன்னாடி நிக்கிறேன். பாட்டில் வரிசையா வரும். கோட்டுக்குக் கீழ இருந்தா எடுத்துத் தனியா வச்சுடுவேன். பாவம், கொஞ்சம்தான் குறையுதுன்னு ஒண்ணையும் விட்டதில்ல. காலையில நான் நல்ல பாட்டில். சாயங்காலம் ரிஜெக்ட்.

— உன்னையே தூக்கி பெல்ட்ல ஏத்திட்டியா?

— சிரிக்காதே. அவரைக் கடைக்கு அனுப்பியிருக்கேன். பால் பவுடர் டப்பா வாங்க. நானேதான் அனுப்பினேன். அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்கினதும்தான்... தும்மினேன்.

— ஏய். ஏய், இங்க பாரு.

— ஆறு வருஷம் அக்கா. எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன். ஒவ்வொரு டாக்டரும் பேப்பரைப் பாத்துட்டு என் முகத்தைப் பாக்காம பேசுவாங்க. பெத்து எடுத்தப்புறம் இந்த ஒண்ணையாவது என் உடம்பு ஒழுங்கா செய்யும்னு நினைச்சேன். இதுலயும் கைவிட்டுடுச்சு.

— சரி, அழு. நல்லா அழுதுடு. நான் இவனைத் தோள்ல போட்டுக்கறேன். என்னடா ராசா, உங்கம்மாவை மிரட்டறியா? பத்தொம்பது நாள் ஆளு, தொண்டையைப் பாரு, கண்டக்டர் மாதிரி! இன்ஸ்பெக்டரம்மா, மூக்கைத் துடைச்சுட்டு பதில் சொல்லு. இன்னைக்கு எத்தனை தடவை நனைச்சான்?

— ஏழு. நல்லா கனமா.

— எடை?

— பிறந்தப்போ ரெண்டு தொள்ளாயிரம். போன வாரம் மூணு நூறு. டாக்டர் நல்லா ஏறியிருக்குன்னாங்க.

— உள்ள போகாம ஏழு தடவை எங்கேர்ந்து வந்துச்சு? எடை எங்கேர்ந்து ஏறுச்சு? காத்தைக் குடிச்சா?

— அது பகல் பால்ல ஏறினது. நான் சொல்றது சாயங்காலம்.

— பேச விட்டா சண்டைக்கே வருவா. இந்த இருபது மில்லி எப்ப எடுத்தே? அவன் குடிக்கறதுக்கு முன்னாடியா, குடிச்சப்புறமா?

— குடிச்சப்புறம். குடிச்சது பத்தலைன்னு கத்தினானே, மிச்சம் எவ்ளோ இருக்குன்னு பாக்க.

— சாப்பிட்டு முடிச்ச தட்டை எடுத்து வச்சு, இவ்ளோதான் சமைச்சியான்னு கேக்கற மாதிரி இருக்கு. போகட்டும், மத்தியானம் எப்ப கொடுத்தே?

— ஒரு மணிக்கு.

— அப்புறம்?

— அப்புறம் ஆறு மணிக்கு.

— நடுவுல?

— நடுவுல காலையில எடுத்து வச்சதை மூணு மணிக்கு பாட்டில்ல கொடுத்துட்டேன். நாலரைக்குக் கேட்டான், தோள்ல போட்டுத் தட்டிச் சமாளிச்சேன்.

— ஏன்?

— சேரட்டும்னு. மத்தியானம் கொடுக்காம விட்டா சாயங்காலத்துக்கு நிறைஞ்சிருக்கும்ல? நாலு நாளா அப்படித்தான் செய்யறேன். ஆனா நிறையவே மாட்டேங்குது. முதல் நாள் முப்பத்தஞ்சு. இப்ப இருபது.

— அய்யோ என் தங்கமே!

— என்ன? என்ன தப்பு பண்ணிட்டேன்?

— பயப்படாதே. தப்பெல்லாம் இல்ல, உன் மூளை பாட்டில் மூளை. இது சேத்து வச்சா நிறையற சமாச்சாரம் இல்ல. எடுக்க எடுக்கத்தான் ஊறும். கொடுக்காம வச்சா உடம்பு என்ன நினைக்கும்? ஓ, கேக்கறவன் இல்ல போலிருக்கு, குறைச்சுக்கலாம்னு நினைக்கும். நீ அவனுக்காகப் பட்டினி போட்டது அவனையேதான்.

— நாலு நாளா... நானேவா குறைச்சேன்?

— நாலு நாள்தானே. திரும்ப வந்துடும். இந்தா, பிடி அவனை. இந்த விளக்கை அணைச்சுட்டு ஓரத்து விளக்கைப் போடறேன். நோட்டை நான் எடுத்து வச்சுக்கறேன். பம்பையும்தான். முறைக்காதே. சாஞ்சு உக்காரு, தலையணையை இடுப்புக்குக் கொடு. அவன் சட்டையைக் கழட்டு, உன்மேல ஒட்டிப் படுக்கட்டும்.

— வாய் வைக்கறான்... பாரு, பிடுங்கிக்கிட்டான். பாத்தியா? இதுதான்!

— பிடுங்கினா அந்தப் பக்கம் மாத்து. திரும்பப் பிடுங்கினா இந்தப் பக்கம் கொண்டு வா. சாயங்காலம் பால் மெதுவாத்தான் வரும், எல்லாருக்கும். அவனுக்குப் பொறுமை கிடையாது, அதான் கத்தறான். கொஞ்சம் குடிப்பான், கொஞ்சம் திட்டுவான். மணிக்கு நாலு தடவைகூடக் கேப்பான். அவன் கேக்கறதெல்லாம் நாளைக்கு வேண்டிய பாலுக்கு ஆர்டர் போடறது.

— நிஜமாவா? இல்ல என்னைத் தேத்தறியா?

— ரெண்டும்தான். எடை நின்னுபோனா, இல்ல நனைக்கறது குறைஞ்சா, நானே உன்னை டாக்டர்கிட்ட தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போவேன். தேத்திக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். போன் அடிக்குது பாரு, நான் எடுக்கறேன். ம், சொல்லுங்க... இவளுக்குக் கை ஒழியல... அப்படியா? கடையில மூணு தினுசு டப்பா இருக்காம். எதுன்னு கேக்கறார்.

— என்ன சொல்லட்டும்?

— அதை நான் சொல்ல மாட்டேன். டப்பா ஒண்ணும் விஷமில்ல. வேணும்னா வாங்கு, யாரு கேப்பா? ஆனா பயந்துக்கிட்டு வாங்காதே.

— பத்து நிமிஷம் அங்கேயே நிக்கச் சொல்லு.

— பத்து நிமிஷம் அங்கேயே நிக்கணுமாம். ஆமா, கடையிலதான். இல்ல, விளையாட்டெல்லாம் இல்ல. நில்லுங்க. ...வச்சுட்டார். மதியம் நீ சாப்பிட்டியா?

— ரெண்டு வாய்.

— அதானே பாத்தேன். சோறு அப்படியே மூடிக் கிடக்கு, இரு, தட்டுல பிசைஞ்சு எடுத்துக்கிட்டு வரேன். அவனுக்கு நீ கொடு, உனக்கு நான் கொடுக்கறேன். வாயைத் திற. பெருசாத் திற, உன் பையன்கிட்ட கத்துக்கோ.

— நான் என்ன குழந்தையா?

— ரெண்டு கையையும் அவன் பிடிச்சு வச்சிருக்கான். வேற வழி? முழுங்கு. தண்ணி குடி. இன்னொரு வாய்.

— அக்கா.

— ம்?

— சத்தத்தைக் கேளேன். கடக்... கடக்... முழுங்கறான்.

— கேக்குது. அளக்காதே.

— அளக்கல. கேக்கறேன். இவ்ளோ நேரம் அவன் வாயை வச்சிருந்ததே இல்ல. கை விரிஞ்சுடுச்சு பாரு. எப்பவும் முஷ்டியை மூடிக்கிட்டே இருப்பான்... அய்யோ, திரும்ப முழிக்கறான்.

— முழிக்கட்டும். இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு. நான் எங்கயும் போகல. என் பொண்ணை அவங்கப்பா பாத்துப்பார்.

— அவருக்குப் போன் போட்டு என் காதுல வை. ...ஏங்க, வாங்கிட்டீங்களா? இல்லையா? வேணாம், வந்துடுங்க. வெறுங்கையோட வாங்க. இல்லங்க, அழல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஆமா, இவங்க ஊட்டறாங்க. நாளைக்கு வேணும்னா நாளைக்குப் பாத்துக்கலாம். ம். அவன் என்மேலதான் இருக்கான்.

— முகத்தைப் பாரு. இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கே.

— ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது.

— கேளு.

— உன்மேல எனக்கு ரொம்பப் பொறாமை அக்கா. உன் பொண்ணு பிறந்தப்போ மாடியில சாயங்காலம் சாயங்காலம் கத்துவா. எண்ணி ஒரு பத்து நாள் இருக்கும். அப்புறம் சத்தமே கேக்கல. அக்கா உடம்பு அப்படி, பத்து நாள்ல எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டா, நமக்கு இருபது நாள் ஆகியும் கைவரலியேன்னு இந்த வாரம் பூரா மாடியைப் பாத்துத்தான் அழுதேன். இவ்ளோ விவரம் சொல்றியே, எத்தனை மாசம் கொடுத்தே அவளுக்கு?

— பதினோரு நாள்.

— விளையாடாதே.

— அப்புறம் எல்லாம் டப்பா பால்தான். பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன், அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கொழுகொழுன்னு நல்லாத்தான் வளந்தா, அதுல எனக்குக் குறையில்ல. இப்ப உனக்குச் சொன்னதெல்லாம் ஊசி போடப் போன இடத்துல ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னது. அப்ப என் பொண்ணுக்கு மூணு மாசம். எனக்கு அதுக்குள்ள பால் வத்திப்போயிருந்துச்சு.

— அக்கா... எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— உனக்கே தெரியுமே, இதெல்லாம் சொல்ல வாய் வருதா? பன்னெண்டாம் நாள் இதே ஆறரை மணிக்கு அவளை மடியில போட்டுக்கிட்டு, யாராவது ஒருத்தர் வந்து பக்கத்துல உக்கார மாட்டாங்களான்னு படிக்கட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.