மண் காது

ஸ்ரீல்ஸ் வீதியில் மில்லிக்கன் பக்கம் போகிற பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் ஏதோ மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறவர் என்று பேச்சில் விளங்கியது. அவர் மெதுவாகச் சொன்னார்:

“அந்த மண் காதுக்கு நான் சொன்னது கேட்டிட்டுது, வசந்தி.”

“என்ன காது அக்கா?”

“பழைய ரோமாபுரிச் சாமான். அந்தக் காலத்திலை வைத்தியர் கைவிட்ட வருத்தக்காரர், மண்ணாலை காது, கால் எல்லாம் செய்து, வருத்தம் மாத்திற சாமியின்ரை கோயிலிலை வைக்கிறவையாம். நாங்கள் அம்மனுக்கு வெள்ளியிலை கண் செய்து குடுக்கிறமாதிரி. காது வைச்சால் சாமிக்கு வடிவாக் கேக்குமாம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“என்ரை மனுசன் ஸ்ரோக் வந்து விழுந்ததிலையிருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லைத்தானே. அந்தக் காது இருக்கிற கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கேக்கை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. கிட்டக் குனிஞ்சு, ‘அவரைக் கதைக்க வை, ஏலாட்டிக் கெதியாக் கூட்டிக்கொண்டு போ’ எண்டன்.”

பஸ் ஒரு தரிப்பில் நின்று புறப்பட்டது.

“அடுத்த நாள் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தன். என்ரை கையைப் பிடிச்சு, ‘கெதியாக் கூட்டிக்கொண்டு போ எண்டு ஏன் சொன்னனி?’ எண்டு தெளிவாக் கேட்டார்.”

வசந்தி குரலைத் தாழ்த்தினார்.

“நீங்கள் வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“இல்லை. உனக்குத்தான் முதல் சொல்லுறன்.”

“இப்பவும் கதைக்கிறாரோ?”

“ஓம், நல்லாக் கதைக்கிறார். டொக்ரருக்கே ஆச்சரியம். நான்தான் வீட்டிலை வாய் திறக்கிறேல்லை.”