அறைக்குள் கேட்டதையெல்லாம் சொன்ன புஷ்பவதி அம்மாவுக்கு

"இதை நீங்கள் சொல்லுறியளோ, என்ரை பிள்ளை சொல்லுறாளோ?"

பெருமதிப்புக்குரிய புஷ்பவதி அம்மா! ஒன்பது ஆண்டுகளாக ஆக்லாந்தின் மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் விசா அலுவலகங்களிலும் பிறர் பேச்சைத் தம் பேச்சாகப் பேசிய பெருந்தகையே! சொல்லைச் சுருக்காமல், சொல்லைப் பெருக்காமல், சொன்னதைச் சொன்னபடி சொன்ன செம்மையே! மேலே உள்ள கேள்வியை ஒரு தந்தை உங்களிடம் கேட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில், உங்களோடு பணியாற்றிய உரைபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் அந்தக் கேள்வியிலிருந்தே உங்கள் புகழைத் தொடங்குகிறோம்.

எங்கள் தொழிலில் பயம் கூடவே வரும். ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய மருந்து பிசகும், இன்னொருவருடைய விசா பிசகும். அதற்கு நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் இரண்டு மொழியிலும் ஒன்றையே சொல்வீர்கள்: "இந்த அறைக்குள்ள ஆர் என்னத்தைக் கதைச்சாலும் நான் சொல்லுவன். சொல்லக் கூடாததெண்டால் கதைக்காதேங்கோ." மருத்துவரைத் திட்டிய நோயாளியின் வசவையும் அதே சூட்டோடு ஆங்கிலத்தில் சொன்னவர் நீங்கள். "அக்கா, அந்தக் கெட்ட வார்த்தையையுமா சொன்னீங்க?" என்று நம்மோடு பணியாற்றும் பழனிவேல் வாயைப் பிளந்தபோது, "ஓம் தம்பி, அது அவரின்ரை சொல். நான் வைச்சிருந்து என்ன செய்ய?" என்றீர்கள்.

அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லாதவர் நீங்கள். ஆகவே இனி வருவது உங்கள் வாயிலிருந்து வந்ததன்று. சென்ற மாதம் கம்சாயினி என்ற பெண் எல்லர்ஸ்லியிலுள்ள எங்கள் பணியகத்துக்கு வந்து, தானே சொல்லி, மடலில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு அக்டோபர். கிளென்ஃபீல்டில் குடியிருந்த கம்சாயினிக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த ஆண்டு ஏழாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பர்சரிப் பரீட்சை. அதற்கு எத்தனை பாடம் எடுப்பது என்று தீர்மானித்துத் தாளில் கையெழுத்திட வேண்டிய நாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அக்கா சுகந்தினி அதே தாளில் ஆறு பாடம் எழுதினாள். அடுத்த ஆகஸ்டில் ஒரு காலை, சீருடையோடு வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. அறைக் கதவு சாத்தியபடியே இருக்கும். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதியோடு வெளியே வரும். ஒவ்வொரு காலையும் அந்தப் படிக்கட்டில் இறங்கித்தான் கம்சாயினி பஸ்ஸுக்குப் போக வேண்டும். அக்கா உட்கார்ந்த படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிவிடுவாள்.

தந்தை தவராசாவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் மகளுடைய காரியத்தில் ஒரு சொல்லும் தப்பக் கூடாதென்று அவரேதான் உங்களைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்திருந்தார். ஐந்து பாடம் போதும், ஐந்தின் மதிப்பெண்களைத்தான் கூட்டுவார்கள் என்றார் ஆசிரியை. "அதுதானே நானும் சொல்லுறன். ஆறு எடுத்தால்தான் ஒண்டு விழுந்தாலும் அஞ்சு நிக்கும்," என்றார் தந்தை. "மூத்தவள் குழப்பிப் போட்டாள். இவள் கெட்டிக்காரி. ஆறு!" ஐந்தும் ஆறும் அவள் தலைக்கு மேலாகப் போய்ப் போய் வந்தன. பேசியவராகவே பேசும் நம் தொழில்முறைப்படி, தந்தைக்காகவும் நீங்கள் "நான்" என்றீர்கள். ஆசிரியைக்காகவும் "நான்" என்றீர்கள். கம்சாயினி பாவாடை விளிம்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துவிட்டது. தாளில் எழுதியிருந்த ஆறும் அப்படியே நின்றால் அடுத்த ஆகஸ்டில் அந்தப் படி தனக்கு என்று அவளுக்குப் பட்டது. அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சொல்லத் துணிவில்லை. நீங்கள் நுழைந்ததும் சொன்னது மட்டும் காதில் நின்றது: ஆர் என்னத்தைக் கதைச்சாலும் நான் சொல்லுவன். பக்கத்தில் இருந்த உங்களுக்கு மட்டும் எட்டும்படி, மடியைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்குப் பயமாக் கிடக்கு. நாலுதான் ஏலும்."

நீங்கள் தயங்கவில்லை. அறை முழுவதும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் நான்குதான் முடியும். வளர்ந்த ஒருவர் முதுகு நிமிர்த்தி, உரத்த குரலில், எனக்குப் பயம் என்று சொன்னதை அவள் அதற்கு முன் கேட்டதேயில்லையாம்.

அப்போதுதான் முகம் கறுத்துப்போய்த் தவராசா அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்கள் சொல்லுறியளோ, என்ரை பிள்ளை சொல்லுறாளோ? அவர் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வேலையே போயிருக்கும், அம்மா! நீங்களோ உங்களைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் எடுக்கவில்லை. உங்கள்மேல் வந்த அந்தக் கேள்வியையும் அப்படியே ஆங்கிலத்தில் ஆசிரியைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். ஆசிரியை கம்சாயினி பக்கம் திரும்பினார். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் ஓடும் சத்தம் வந்து அடங்கியது.

"நான்தான் அப்பா," என்றாள் கம்சாயினி. இம்முறை எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் சொன்னனான்."

அதையும் சொன்னீர்கள்.

தவராசா தாளை மகள் பக்கம் தள்ளினார். ஆறில் இரசாயனத்தையும் இரண்டு கணிதப் பாடங்களில் ஒன்றையும் அவள் வெட்டினாள். கோடு நேராக வரவில்லை. அவர் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஆகஸ்டிலும் அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் படியைத் தாண்டித் தாண்டிப் போய், நவம்பரில் நாலு பரீட்சையையும் எழுதிவிட்டு வந்தாள். மதிப்பெண்ணை அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

பிறருக்காகவே இத்தனை காலம் "நான்" என்றவரே! முழங்கால் வலி தணிந்து, இனி உங்களுக்காகவும் அந்தச் சொல்லைச் சொல்லி, நிறைந்த நலத்தோடு நெடுங்காலம் வாழ்வீர்களாக!

ஏற்புரை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், மதிக்கிறோம். அன்றும் அப்படித்தானாம். கையெழுத்து முடிந்ததும் கம்சாயினி உங்களைப் பார்த்து வாயெடுத்தாள். அவள் நன்றி சொன்னால் அதையும் அவள் அப்பாவின் முன் நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டிவரும். அவள் சொல்வதற்குள் கைப்பையை எடுத்தீர்கள்; எழுந்தீர்கள்; கதவை மெல்லச் சாத்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டீர்கள்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
தமிழ் உரைபெயர்ப்பாளர்கள்
எல்லர்ஸ்லி, ஆக்லாந்து, 1999