விட்டுவைத்த வெள்ளை

மை கக்குகிற இந்தப் பேனாவை வைத்துக்கொண்டு போலீஸில் எப்படித்தான் எழுதுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மேடம். அப்போதுதான் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். தொழில் புத்தி. யார் கையில் பேனாவைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அதன் முனைதான் கண்ணில் படும்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் தங்கை படுத்திருக்கிறாள். இன்றைக்கே அவளுக்கு ரத்தம் ஏற்றியாக வேண்டுமாம். அவளுடைய வகை மருத்துவமனையில் கையிருப்பு இல்லை. வெளியிலிருந்து வர நாளை ஆகிவிடும். எனக்கும் அதே வகை. கொடுக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குள் மாத்திரை விஷயத்தை நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

நான் மங்கா வரைகிறவள். வலமிருந்து இடமாகப் படிக்கிற படக்கதை. என்னுடையது இருட்டுக் கோட்டை, ரத்தம் குடித்தே சாகாமல் இருக்கிற பிரபு, ஜன்னலோரத்தில் வெளிறிப்போன ஒரு பெண் என்று போகும். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று உங்கள் முகம் கேட்கிறது. பேருந்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் படிக்கிறார்கள். அவர்களுடைய துக்கம் எல்லாம் சமையலறைத் தொட்டியில் கிடக்கிற பாத்திரம் மாதிரி, அழுக்காக, அவசரமாக இருக்கும். என் கதையில் அதே துக்கம் லேஸ் வைத்த உடை போட்டுக்கொண்டு மெழுகுவத்தியோடு படியிறங்கி வரும். நோய் வாடை அடிக்காது. சாவு கதவைத் தட்டி அனுமதி கேட்கும். உங்கள் கதையைப் படித்த பிறகு என் அழுகையே எனக்கு அழகாகத் தெரிந்தது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். யோசித்துப் பார்த்தால், அது சின்ன உதவி இல்லை.

அந்த ஜன்னலோரப் பெண் என் தங்கைதான். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். வயதுக்கு வந்ததிலிருந்தே மாதாமாதம் அவளுக்கு ரத்தம் அதிகமாகப் போகும். படியேறினால் மூச்சு வாங்கும். அதனால் வீட்டோடு இருந்தாள். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து வரைவேன். அலுத்துக்கொள்வாள்.

“அக்கா, உன் பிரபு எத்தனை வருஷமா என் கழுத்தையே பாத்துட்டு நிக்கிறான். கடிக்கிறதுன்னா சட்டுனு கடிக்கச் சொல்லு. எனக்குக் கால் வலிக்குது.”

அப்படி ஒரு வாய் அவளுக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். என் தொழிலில் கறுப்பைத்தான் வரைய முடியும். வெள்ளையை வரைய முடியாது, விட்டுவைக்க வேண்டும். அவள் முகத்தில் மை படாமல் காகிதத்தை விட்டுவிட்டால் போதும், அவள் வந்துவிடுவாள். உலகத்தில் எத்தனை பேருக்கு அப்படி முகம் அமையும்?

போன வருஷம் ஒரு டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானே வாங்கி, நானே வேளாவேளைக்குக் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றே மாதத்தில் தேறிவிட்டாள். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் உப்பி, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டு வருவாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பக்கங்கள் படுத்துவிட்டன. பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, பொண்ணு கடற்கரைக்கு லீவுல போய்ட்டு வந்த மாதிரி இருக்கா? இவளைப் பாத்து யாரு அழுவாங்க?”

அந்தச் சமயத்தில்தான் அவள், கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணோடு பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கட்டுமா என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை. இரும்பு மாத்திரையை எடுத்துவிட்டு அதே சிவப்பில் கிடைக்கிற சாதாரண சத்து மாத்திரையைப் போட்டேன். அதில் விஷம் கிஷம் எதுவும் கிடையாது. சாப்பாட்டோடு ஸ்ட்ராங்காக டீ கொடுத்தேன். சாப்பிடும்போது டீ குடித்தால் உணவிலிருக்கிற இரும்பு உடம்பில் ஒட்டாது என்று எங்கோ படித்திருந்தேன். என்னக்கா, இப்பல்லாம் ராணி மாதிரி கவனிக்கிறே என்றாள். உண்மையில் நன்றாகத்தான் கவனித்தேன். அவளுக்கு நான் எதுவும் செய்யவில்லை, மேடம். விட்டுவைத்தேன், அவ்வளவுதான்.

மெதுவாக அந்த முகம் திரும்பி வந்தது. வேலையை விட்டாள். அறை எடுக்கிற பேச்சும் நின்றது. இந்த வருஷத்து அத்தியாயங்களைப் போல நான் வரைந்ததே இல்லை என்று எல்லோரும் எழுதினார்கள். வாரத்துக்கு வாரம் அவள் கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் விழுந்தது. அதற்கு நான் பென்சில்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது சரிந்து விழுந்தாள். இங்கே கொண்டுவந்தேன். இதயம் தாங்காமல் தடுமாறுகிறது என்றார்கள். இங்கே இருக்கிற டாக்டரம்மா குனிந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார், இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகுமே, போகிறதா என்று. போன வருஷம் போச்சு, இப்பல்லாம் இல்லையே டாக்டர் என்று இவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, நான் கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரைப் பெட்டியைக் கேட்டார்.

இரவுக் கறுப்பு, வெல்வெட் கறுப்பு, ஈரக் கல்லின் கறுப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. கறுப்பை வைத்தே பிழைக்கிற எனக்கு இந்த ஒன்று தெரியாமல் போயிற்று. அது வரையத் தக்கது இல்லை, அதனால்தான் யோசிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் கதவு திறந்தபோது அவள் குரல் கேட்டது. மூச்சு இடையிடையே அறுந்தது.

“எங்க அக்கா குடுப்பா சிஸ்டர். அவகிட்ட எதுக்கு ரெண்டு தடவ கேக்குறீங்க?”

நர்ஸ் திரும்ப வந்து நிற்கிறாள், பாருங்கள். வெளியிலிருந்து வருகிற ரத்தத்துக்காகக் காத்திருக்க முடியாது என்கிறாள். நானும் நிதானமாக யோசித்தேன். கொடுத்தால் கை தளர்ந்துவிடும், வெள்ளிக்கிழமைப் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. அதோடு, இப்போது கதவிடுக்கில் பார்த்தேன். வெள்ளைத் தலையணைக்கும் முகத்துக்கும் நடுவே கோடே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் இப்படி அமைந்ததில்லை.

ரத்தம் கொடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், மேடம். சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசு வாடிப் போகிறவள் அவள். நான்தான் பார்த்துப் பார்த்து வளர்த்தேன்.