இயந்திரத்தின் முதுகு ஏன் குளிர்கிறது?

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! ஒருவர் தோளோடு ஒருவர் உரசி உட்கார்ந்தாலும், ஒருவர் கோப்புகளை ஒருவர் பார்த்துவிடாதபடி மடியில் கவிழ்த்து வைத்திருக்கும் ஆய்வு நிறுவனங்களின் மாண்புமிகு இயக்குநர்களே! அறிவிலும் அனுபவத்திலும் பழுத்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு "சீக்கிரம் முடிங்கய்யா" என்று முணுமுணுக்கும் இளைஞர் பட்டாளமே! எல்லோருக்கும் வணக்கம். இந்த வணக்கம் ஒன்றில்தான் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மற்ற எல்லாவற்றிலும் உண்டு. நாட்டின் மீக்கணினிகளை, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றாகக் கோக்கும் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். அன்றைக்கு என் மனைவி என்ன கேட்டாள் தெரியுமா? "சேர்த்து வைக்கிற வேலைக்கு உங்களையா போட்டாங்க? கண்ணாடியில உங்க மூஞ்சியப் பார்த்தாலே அடையாள அட்டை கேக்கற ஆளாச்சே நீங்க!" சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் அவளும் சிரிக்கிறாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

எதற்காக ஐயா இந்த இணைப்பு? ஒரு நிறுவனத்தின் கணினி தனியாக உட்கார்ந்து மாதக் கணக்கில் போடும் கணக்கை, ஏழு ஊர்களின் கணினிகள் கைகோத்தால் ஒரே நாளில் போட்டு முடிக்கும். மருந்தைத் தேடுகிறவருக்கும் அதே கணினி! விண்மீனைத் தேடுகிறவருக்கும் அதே கணினி! வரப்போகும் வெள்ளத்தைத் தேடுகிறவருக்கும் அதே கணினி! உன் ஊர், என் ஊர் என்ற பேதம் இல்லை. உன் இயந்திரம், என் இயந்திரம் என்ற பிரிவினை இல்லை. கேட்கக் காது குளிர்கிறதல்லவா? எனக்கும் குளிர்ந்தது. காதோடு நின்றிருந்தால் இன்று நான் இவ்வளவு பேச வேண்டியதில்லை.

மேடைக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கறுப்பு அலமாரிகளாக வரிசைகட்டி நிற்கிறதே, அதுதான் இந்த இணைப்பில் நம் ஊர்ப் பங்கு. போன மழைக்காலத்தில் வெள்ளோட்டம் விட்டோம். விட்ட வேகத்திலேயே இடம் நிரம்பிவிட்டது. எங்களுக்கு ஒரே பூரிப்பு. அப்போது ஓர் அம்மா வந்தார். ஆற்று வெள்ளத்தை முன்கூட்டிக் கணக்கிடுகிற விஞ்ஞானி. மழைக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். மேற்கே மழை கொட்டுகிறது, ஆறு எந்தக் கரையில் ஏறும் என்று கணக்குப் போட வேண்டும், இடம் கொடுங்கள் என்றார். இடமில்லை, வரிசையில் நில்லுங்கள் என்றது இயந்திரம். நின்றார். அவர் நின்றார், ஆறு நிற்கவில்லை.

கணக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றோர மருத்துவமனையின் கீழ்த்தளம் முழுகியது. செவிலியர்கள் நோயாளிகளைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கினார்கள். மருந்துக்கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டும், ஊசி மருந்துகள் கீழே இருக்கின்றனவே என்று இறங்கிப் போனார். அவர் மேலே வரவில்லை.

மறுநாள் இந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அலமாரிகளின் பின்பக்கம் போனேன். எதற்குப் போனாய் என்று கேட்கிறீர்களா? வேறெதற்கு, சந்தேகம்! முழு மூச்சில் உழைக்கிற கணினியின் முதுகுப்புறம் நின்றால் அடுப்பங்கரை மாதிரி அனல் அடிக்க வேண்டும். விசிறிகள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கக் கூடாது. கையை வைத்தேன். சில்லென்று இருந்தது! இடமில்லை என்று கை விரித்த இயந்திரம், ஒரு வேலையும் செய்யாமல் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

நேரே மருந்து ஆய்வு இயக்குநரிடம் போனேன். ஆமாம், இரண்டாம் நாற்காலியில் இருக்கிறாரே, அவரேதான்.

"ஐயா, உங்க வேலை ஓடுதுங்களா?"

"ஓடுதே, முழு மூச்சா ஓடுது!"

"முதுகு சில்லுன்னு இருக்கே?"

"புது மாதிரிங்க. சூடாகாது."

சூடாகாத கணினியாம்! அம்மா, உங்கள் வீட்டில் சூடாகாத அடுப்பு இருக்கிறதா? விடவில்லை நான். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெள்ளோட்டத்துல யார் அதிகமா இடம் எடுக்கறாங்களோ அவங்களுக்குத்தானே நாளைக்கு அதிகப் பங்கு? நான் விட்டா அந்த விண்மீன்காரர் அமுக்கிடுவாருங்க." விண்மீன்காரரிடம் ஓடினேன். "நான் விட்டா மருந்துக்காரர் அமுக்கிடுவாரே!" ஏழு இடத்திலும் ஏறி இறங்கினேன், ஏழு வாயிலும் ஒரே வார்த்தை. பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை. "இடத்தைப் பிடி, சும்மா இரு" என்று கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி முழுக்கத் துண்டு. உட்கார ஆள் இல்லை. ஏற வேண்டியவர் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்.

இவர்கள் கெட்டவர்களா? இல்லை. என்னைப் போலவே சந்தேகப் பிராணிகள். ஆனால் என் சந்தேகம் கதவைத் திறந்து பார்த்தது; இவர்கள் சந்தேகம் கதவைச் சாத்திக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் என்ன செய்தோம்? கூட்டம் போட்டோம், தேநீர் குடித்தோம், வெற்று வேலை ஓட்டக் கூடாது என்று கைதூக்கினோம். இன்று திறப்பு விழாவுக்கும் வந்துவிட்டோம். நம்பிக்கை என்ற தலைப்பில் பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள்.

நான் கேட்கிறேன், இவ்வளவு நேரம் நான் பேசியது உங்களுக்கு எப்படிக் கேட்டது?

என்ன தம்பி, ஒலிபெருக்கியா? ஒலிபெருக்கியை அணைத்துவிட்டே பேசுகிறேன். இப்போதும் கேட்கிறதா? கேட்கும்! எனக்குப் பின்னால் அவ்வளவு அமைதி! இடம் நிரம்பி வழிகிறது என்று காலையிலிருந்து சொல்கிற இயந்திரம், ஒரு முனகல் இல்லாமல் நிற்கிறது. மேற்கே இன்றைக்கும் மழை. மழைக்காரம்மா இதோ வாசலோரம் கணினியை மடியில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் வரிசையில் இருக்கிறார். விழா மேடையிலும் துண்டு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தீர்களா ஐயா?

கோபப்படாதீர்கள். கைப்பேசியை எடுங்கள். கட்டளை கொடுத்த விரலால் அதை ரத்து செய்யுங்கள். மருந்துக்காரர் எடுத்துவிட்டார், நன்றி! விண்மீன்காரர் அவரைப் பார்த்துவிட்டு எடுக்கிறார். பார்த்தே எடுங்கள், தப்பில்லை! ஒவ்வொருவராக வருகிறார்கள். மழைக்காரம்மா, இடம் கிடைத்ததா? இல்லையா? அவர் கணக்குக்குப் பாதி இடம் போதாது, மொத்தமாக வேண்டும். இன்னும் ஒருவர் விடவில்லை. யார் அது?

ஏழாவது நிறுவனம் உங்களுடையதுதானே, தலைவர் அவர்களே? கடிகாரத்தையே பார்க்கிறீர்களே.

என்னம்மா? நீங்கள் பேச வேண்டுமா? தாராளமாகப் பேசுங்கள். தாய்மார்கள் பகுதியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்கிறார். அந்த மருந்துக்கிடங்குக்காரரின் மனைவி. அவர் மெதுவாகப் பேசுகிறார், அதனால் நான் எடுத்துச் சொல்கிறேன். "தண்ணி வரும்னு தெரிஞ்சிருந்தா முதல்லயே மருந்தை மாடிக்கு ஏத்தியிருப்பாருங்க. யாரும் சொல்லலயே." இவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு மேல் எனக்கு மேடைத் தமிழ் வரவில்லை.

தலைவர் கைப்பேசியை எடுக்கிறார். பரவாயில்லை ஐயா, அழுத்துங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! எங்களை நம்புங்கள் என்று உங்களிடம் கேட்க மாட்டேன். சந்தேகப்படுங்கள்! இந்த விஞ்ஞானிகளைச் சந்தேகப்படுங்கள், என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்! இந்தப் பின்பக்கக் கதவுக்கு இனிமேல் பூட்டு இருக்காது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அலமாரியின் முதுகில் கையை வையுங்கள், சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்திருந்தால் என் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். நாட்டுக்கு ஒரு கணினி என்றால், நாட்டில் உள்ள அத்தனை கையும் அதன் முதுகைத் தொடலாம்!

மழைக்காரம்மா தலையாட்டுகிறார். கிடைத்துவிட்டது!

கேட்கிறதா? உறுமல் மாதிரி ஒரு சத்தம். விசிறிகள் எழுந்துவிட்டன! கண்ணாடி அதிர்கிறது பாருங்கள்! ஆறு எந்தக் கரையில் ஏறும் என்று இப்போது கணக்குப் போடுகிறது, ஏழு ஊரும் சேர்ந்து போடுகிறது! மருத்துவமனைக்காரர்கள் யாராவது இருந்தால் போய் மருந்தை மாடிக்கு ஏற்றத் தொடங்குங்கள், முடிவு பின்னாலேயே வரும்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், திட்டாமல் விட்ட மேடைக்கும் என் நன்றி!

என்ன தம்பி? சத்தத்தில் நான் பேசுவது காதில் விழவில்லையா?

அப்பாடா! வணக்கம்!